செய்முறையில் இல்லாத பௌர்ணமி

கூனிமேடு
16 ஜூன் 2025

இல்லை செல்வி, படத்தின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. அதை நேற்றே சரிசெய்துவிட்டேன். மதிப்பீட்டாளர்கள் இருவரும் கேட்டது அவ்வளவுதான். இரண்டாம் படம் தெளிவாக இல்லை. எழுத்து சிறியது. உப்புப் பாத்திகளின் புகைப்படங்களில் ஆட்கள் நிற்கிறார்கள், வெட்டவும். இதழாசிரியர் கடிதத்தின் கடைசி வரியை நீயும் படித்திருப்பாய்: இச்சிறு திருத்தங்களுக்குப் பின் கட்டுரை ஏற்கப்படும். ஜூலை இருபது கெடு.

போனில் பேசினால் கத்துகிறோம், இனி மெயிலில் எழுதுவோம் என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மதியம் ஆட்களை வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாப் படமும் ஒரே அளவில், தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி. முதல் படத்தில் பாக்கியலட்சுமி அக்காவின் முழங்கால். வெட்டினேன். இரண்டாவதில் யாருடைய கையோ, உப்பு வாரும் பலகையின் கழியோ. வெட்டினேன். மூன்றாவதில் வெட்ட ஒன்றும் இல்லை. வரப்பு, தண்ணீர், வானம். நான்காவதில் மறுபடி ஆள். ஐந்தாவதில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன்.

ஆள் இல்லாத படங்கள் எல்லாம் அமாவாசை. ஆள் உள்ளவை எல்லாம் அஷ்டமி.

உனக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நம் கட்டுரை என்ன சொல்கிறது? அமாவாசையில் கடல் ஓதம் உயர்கிறது. கழிமுகத்துத் தண்ணீர் உப்பளத்து வாய்க்காலுக்குள் ஏறுகிறது. அது கொண்டுவரும் சத்தில் பாத்தியின் சிவப்பு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அஷ்டமியில் ஓதம் தாழ்கிறது, அவையும் குறைகின்றன. இரண்டு பருவம் தண்ணீர் எடுத்தோம், மைக்ராஸ்கோப்பில் எண்ணினோம். அமாவாசை என்றால் கூடுதல், அஷ்டமி என்றால் குறைவு. மூச்சு விடுவது மாதிரி ஒரு வரைபடம். நீ வரைந்தது.

ஆனால் அந்தப் பாத்திகளில் அமாவாசைக்கு யாரும் உப்பு வாருவதில்லை. லீவு. தண்ணீரை யாரும் கலக்குவதில்லை. சிவப்பு மேலே வந்து படலமாக நிற்கிறது. நாம் மேல்தண்ணீரைத்தான் மொண்டோம்.

ஓதமா, லீவா?

நம் எண்களை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன். எனக்கு முடியவில்லை. நீ பார்.

நாஜியா


கொச்சி
18 ஜூன் 2025

நாஜி,

முதலில் படம். டிஃப் கோப்பாக அனுப்பு, ஜேபெக் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். அளவுகோல் வலது கீழ்மூலையில், வெள்ளையில். மேற்கோள் பட்டியலில் பன்னிரண்டாவதற்கு ஆண்டு விட்டுப்போயிருக்கிறது. மதிப்பீட்டாளர்களுக்கு எழுதும் பதிலில் அவர்கள் கேள்வியை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே நம் பதில். ஒவ்வொன்றையும் நன்றி சொல்லித் தொடங்கு. உனக்கு அது வராது, தெரியும். இருந்தாலும் தொடங்கு.

இப்போது உன் அமாவாசை.

நான் மறுக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்து டீ குடித்தேன். குடிக்கும்போது யோசித்தேன். கட்டுரை என்பது சத்தியப் பிரமாணம் இல்லை. அதற்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. எதற்கு எந்த இடம் என்று ஏற்கெனவே யாரோ தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். என்ன செய்தோம் என்பது செய்முறையில். என்ன கண்டோம் என்பது முடிவுகளில். அதற்கு என்ன அர்த்தம் என்பது விவாதத்தில். எது நமக்குத் தெரியாது என்பதற்கும் இடம் உண்டு. விவாதத்தின் கடைசிப் பத்தி, வரம்புகள். அதில் ஒரு வாக்கியம் போடு: ‘உப்பளப் பணிகளின் தாக்கம் இந்த ஆய்வில் தனியே அளக்கப்படவில்லை.’ உண்மைதானே? ஒரு சொல்லும் பொய் இல்லை.

இரண்டு மதிப்பீட்டாளர்களும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நீ ஏன் கை தூக்குகிறாய்? வகுப்பிலும் இப்படித்தான். மணி அடித்த பிறகு ‘சார், ஒரு டவுட்’ என்பாய். எல்லாரும் திரும்பி உன்னை முறைப்பார்கள், உன் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு என்னையும்.

ஜூலை நான்கு எனக்கு நேர்காணல். சொன்னேனா? நிரந்தர வேலை. இங்கே என் ஒப்பந்தம் ஆகஸ்ட்டோடு முடிகிறது. கட்டுரைக்கு ஏற்புக் கடிதம் வந்தால் ஜூலைக் கடைசிக்குள் சேர்க்கலாம் என்று விதியில் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் கிளம்பிவிடுவாள்.

படத்தை அனுப்பு.

செல்வி


கூனிமேடு
22 ஜூன் 2025

செல்வி,

உன் வாக்கியத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். நன்றாகப் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

வரம்புகளில் வைத்தால் அது அடக்கம். படிக்கிறவர்கள் நம்மை மெச்சிக்கொண்டு அடுத்த பக்கம் போவார்கள். அதே வாக்கியத்தைச் செய்முறையில் வைத்தேன்: ‘அமாவாசை மாதிரிகள் அனைத்தும் பணி நடக்காத நாட்களிலும், அஷ்டமி மாதிரிகள் பணி நடந்த நாட்களிலும் எடுக்கப்பட்டன.’ இப்போது மதிப்பீட்டாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். முடிவுகளில் வைத்தேன், வரைபடம் ஆடியது. தலைப்பில் வைத்தால் இந்தக் கட்டுரையே இல்லை. உண்மை ஒன்றுதான். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

இன்னொன்று. பௌர்ணமியிலும் ஓதம் உயரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பௌர்ணமியில் யாருக்கும் லீவு இல்லை. அன்று தண்ணீர் எடுத்திருந்தால் ஒரே நாளில் விடை கிடைத்திருக்கும். நாம் ஏன் எடுக்கவில்லை?

உனக்கு நினைவிருக்கும். முதல் மாதம் எடுக்கத்தான் போனோம். கிரிவலத்துக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆட்கள். நீ ஐஸ் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறினாய். கண்டக்டர், ‘ஏம்மா, என்னா பொட்டி அது, மீனா? சாமிக்குப் போற ஜனம்மா, நாத்தம் வந்தா என்னத்தான் திட்டுவாங்க. எறங்கு எறங்கு’ என்றார். நீ, ‘மீன் இல்லண்ணே, தண்ணி’ என்றாய். ‘தண்ணிய யாராச்சும் ஐஸ்ல வெச்சு எடுத்துனு போவாங்களா?’ பஸ்ஸே சிரித்தது. இறங்கினோம். அடுத்த வண்டியும் அப்படியே. பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் நீ சொன்னாய்: பௌர்ணமியை விட்டுடலாம், அமாவாசையே போதும், ரெண்டும் ஒண்ணுதானே. நானும் சரி என்றேன்.

அதைச் செய்முறையில் என்ன எழுதியிருக்கிறோம் தெரியுமா? ‘ஓதம் உச்சத்திலும் தாழ்விலும் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.’ பஸ் இல்லை. கண்டக்டர் இல்லை. விட்டுப்போன பௌர்ணமியும் இல்லை. ‘கிரிவல நெரிசலில் ஐஸ் பெட்டியை ஏற்ற இயலாமையால்’ என்று எழுதிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கைடைப் போய்ப் பார்த்தேன். புருஷோத்தமன் சார் கணினியிலிருந்து முகம் திருப்பவில்லை.

‘மைனர் ரிவிஷன்தானேம்மா? முடிச்சு அனுப்பிடு.’

‘சார், அமாவாசைக்கு அளத்துல லீவு சார்.’

‘லீவா? யாருக்கு?’

‘வேலை செய்றவங்களுக்கு.’

கணினியிலிருந்து முகம் திருப்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு சொன்னார்: ‘நல்ல ஐடியாம்மா. அடுத்த பேப்பருக்கு வெச்சுக்க.’

அடுத்த கட்டுரையின் முதல் வரி, இந்தக் கட்டுரை தப்பு என்பதாக இருக்கும். அதைச் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

எனக்கும் இது வேண்டும் செல்வி. ஒரு கட்டுரையாவது வராமல் என் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். நான் தியாகம் செய்வதாக நினைக்காதே.

ஜூலை பத்து பௌர்ணமி. தம்பி முஹ்சினின் ஸ்கூட்டர் இருக்கிறது. போய் எடுத்துவரலாம் என்று நினைக்கிறேன்.

நாஜியா


கொச்சி
25 ஜூன் 2025

போகாதே.

இன்று அமாவாசை. இரண்டு வருடப் பழக்கம், காலண்டர் பார்க்காமலே தெரிகிறது. அதனால் இன்று எழுதுகிறேன்.

இப்போது நமக்கு ஒரு சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது. சந்தேகத்தோடு கட்டுரை அனுப்பாதவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. தெரியாதவரை நாம் பொய் சொல்லவில்லை. நீ போய் அந்தத் தண்ணீரை மொண்டுவந்து எண்ணிவிட்டால், அதன் பிறகு அனுப்புவது பொய். இன்று அனுப்பினால் தவறு, பதினோராம் தேதி அனுப்பினால் பொய். அந்த வித்தியாசத்தை நீ ஏன் எனக்காக உண்டாக்குகிறாய்?

உனக்கு உண்மை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்கூட்டரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உன் அம்மா தட்டை மூடி வைத்திருப்பாள். நான் முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து ஒரு வருடத்துக்கு ஓர் ஊர். எந்த அறையிலும் ஆணி அடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் என் பட்டியலைப் பார்த்து, கட்டுரைகள் குறைவாக இருக்கிறதே என்கிறார். இது ஒன்றுதான் என்னுடையது. முதல் பெயர். கேள்வியை யோசித்தது நான். வரைபடம் நான். முதல் பருவம் முழுக்க அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது, உன் மடியில் இல்லை. உனக்கு பஸ் ஏறினால் தலை சுற்றும்.

நீ கோபக்காரி இல்லை. அதுதான் உன்னிடம் பிடிக்காதது. அமைதியாக உட்கார்ந்து ஒன்றைத் தட்டி விடுவாய், அது மேசையிலிருந்து விழுவதைக் கவனித்துக்கொண்டிருப்பாய்.

நேர்காணல் முடியும்வரை எழுதாதே.

செல்வி


கூனிமேடு
12 ஜூலை 2025

நேர்காணல் முடிந்துவிட்டது. எப்படி இருந்தது என்று நீ சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

போனேன்.

நீ சொன்னதை எல்லாம் யோசித்தேன். பொய்க்கும் தவறுக்கும் நடுவில் நீ போட்ட அந்தக் கோட்டையும். போகாமல் இருந்தால் தெரியாது என்பது சரி. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் அன்று காலை முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு செய்முறை. அதை எங்கே எழுதுவது?

ஈ.சி.ஆரில் எதிரே வந்த வண்டிகளில் எல்லாம் மஞ்சள் துண்டு. கிரிவலம். முஹ்சின், ‘உனக்காக நான் லீவு போட்டிருக்கேன், பாத்துக்க’ என்று வழி முழுக்கப் புலம்பினான். வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓதம் ஏறியிருந்தது. கடல் தன் பங்கைச் செய்துவிட்டது என்று நினைத்தேன்.

பாக்கியலட்சுமி அக்கா நம் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தார்.

‘என்னா பாய் வூட்டுப் பொண்ணு, நாள் மாறி வந்துட்ட? அமாவாச போயி எவ்ளோ நாளாவுது.’

‘இன்னிக்குப் பௌர்ணமிக்கா. அதான் வந்தேன்.’

‘ஊரே மலைய சுத்தப் போவுது. நீ பாத்திய சுத்த வந்துட்டியா?’ வரப்பில் நின்றிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். சிரித்தார்கள். ‘எங்க உன் ஜோடி?’

‘கொச்சியில வேலைக்கா.’

‘சண்டையா?’

‘இல்லக்கா, வேலை.’

‘சண்டதான். மூஞ்சியப் பாத்தா தெரியாதா? சரி சரி, தண்ணிய மொண்டுக்க. உப்ப மட்டும் வுட்டுட்டுப் போ.’

அவர் பலகையை நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அதே ஆறு பாத்தி, அதே மூலை, அதே ஆழம். தண்ணீர் வெளுத்த ரோஜா நிறத்தில் இருந்தது. அஷ்டமி நிறம். வீட்டுக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் எண்ணினேன். நேற்றும் இன்றும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

ஓதம் அமாவாசை அளவு. நுண்ணுயிர் அஷ்டமி அளவு.

ஒரு பௌர்ணமி போதாது என்பாய். போதாதுதான். ஆனால் நம் வரைபடத்தின்படி இது நடந்திருக்கவே கூடாது.

எண்களை இணைத்திருக்கிறேன். நீ திறக்க வேண்டும் என்றில்லை.

நாஜியா


கொச்சி
15 ஜூலை 2025

திறந்தேன்.

நேர்காணலைப் பற்றி முதலில். ஐந்து பேர். நான்கு பேர் சம்பிரதாயமாகக் கேட்டார்கள். ஒரு மேடம் மட்டும் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘பௌர்ணமியிலும் இப்படித்தானா?’ என்றார். நான், ‘அப்படித்தான் எதிர்பார்க்கிறோம்’ என்றேன். பொய் இல்லை. உன் தண்ணீர் அப்போது வாய்க்காலிலேயே இருந்தது. அவர் தலையாட்டினார். ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது நன்றாகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. உண்மையிலேயே நன்றாகச் செய்தேன். அதுதான் தொல்லை.

உன் எண்களை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு தரவை மறுபடி திறந்தேன். போன வருடம் ஓர் அஷ்டமியை நாம் விலக்கினோமே, நினைவிருக்கிறதா? அளத்துக்காரரின் அம்மா இறந்த நாள். நாம் போனபோது பறை அடித்துக்கொண்டிருந்தார்கள், பாத்திகளில் யாரும் இல்லை. எடுத்துவந்த தண்ணீரில் நுண்ணுயிர்கள் தாறுமாறாகக் கூடுதல். அஷ்டமிக்கு அப்படி வரக்கூடாது என்று, இருவரும் சேர்ந்து, கருவிக் கோளாறு என முடிவு செய்தோம். இணைப்பு அட்டவணையில் நட்சத்திரக் குறி போட்டு ஒதுக்கியிருக்கிறோம். அன்றைய படத்தையும் நீக்கிவிட்டதால் நீ வெட்டியவற்றில் அது இருந்திருக்காது.

வரைபடத்திலிருந்து ஓதத்தை எடுத்தேன். அந்த இடத்தில் வேலை நாள், வேலை இல்லாத நாள் என்று வைத்தேன். நட்சத்திரக் குறியை எடுத்தேன். உன் பௌர்ணமியைச் சேர்த்தேன்.

ஒரு புள்ளிகூட வெளியே நிற்கவில்லை நாஜி. முன்பைவிட அழகாக இருக்கிறது. எரிச்சலாக இருந்தது.

ஆக, நீ சொன்னது சரி. எழுதியே கொடுத்துவிட்டேன்.

இப்போது என் வேண்டுகோள். இதழாசிரியரிடம் கால நீட்டிப்புக் கேள். மாதக் கடைசி வரை. நேர்காணல் முடிவு முப்பத்தொன்றுக்குள் வரும். ஏற்புக் கடிதம் இனிக் கிடைக்காது, அது போகட்டும். ‘திருத்த நிலையில்’ என்று இருந்தாலே மதிப்பெண் உண்டு. திரும்பப் பெற்றால் அதுவும் இல்லை. தேர்வுப் பட்டியல் வரட்டும். அதன் பிறகு திரும்பப் பெறு, புதிதாக எழுது, தலைப்பில் என் முட்டாள்தனத்தைக்கூடப் போடு. நீட்டிப்புக் கேட்பது குற்றம் இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள்.

கெஞ்சவில்லை. கேட்கிறேன்.

செல்வி


கூனிமேடு
18 ஜூலை 2025

செல்வி,

நீட்டிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு வரி. ‘மேலும் பகுப்பாய்வு தேவைப்படுவதால்’ என்று காரணம் போட்டேன். அழித்தேன். பகுப்பாய்வு முடிந்துவிட்டது, நீ முடித்துவிட்டாய். ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று போட்டேன். அது உண்மை. ஆனால் எதை மறைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதையும் அழித்தேன். நேற்று முழுக்க இதே வேலை.

உனக்காகச் செய்ய முடிகிறதா என்று முயன்று பார்த்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. நான் உயர்ந்தவள் என்பதால் இல்லை. அந்த மேடம் கேட்டது எனக்குக் கேட்டுவிட்டது. நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏன் சொன்னாய்?

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இணைத்திருக்கிறேன். புதிய சுருக்கத்தையும். தொடர்புக்குரிய ஆசிரியர் நான் என்பதால் என் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். இருபதாம் தேதி மாலை அனுப்பலாம் என்றிருக்கிறேன். அதற்குள் நீ, நேர்காணல் நடத்திய நிறுவனத்துக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லிவிடு. அவர்கள் வேறு யார் மூலமாகவும் கேட்க வேண்டாம். நீ வேண்டாம் என்றால்? அப்போதும் அனுப்பிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உனக்குத் தெரியாமல் அனுப்ப மாட்டேன்.

முதல் பெயர் உன்னுடையதுதான். கேள்வியை யோசித்தது நீ. பதில் மாறியதால் கேள்வி வேறொருவருடையது ஆகிவிடாது.

புதிய கட்டுரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அடுத்த மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்பார்: அமாவாசையன்று வாரினால் சிவப்பு குறைகிறதா? அதைக் காட்டாமல் இது நிற்காது. இருபத்துநான்கு ஆடி அமாவாசை. அன்று யாரையும் வேலை செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் பாக்கியலட்சுமி அக்காவிடம் பேச்சுக்குக் கேட்டேன்.

‘ஆடி அமாவாசைக்கா? நல்லா கேட்ட போ. அன்னிக்கு நான் பலகயத் தொட்டா செத்துப்போன எங்க மாமியா எழுந்து வந்துடும். உசுரோட இருக்கசொல்லயே வாய் ஓயாது அதுக்கு.’

‘அப்ப யாருமே வார மாட்டாங்களாக்கா?’

‘நீங்க ரெண்டு பேரும் வாருங்களேன். உனக்கும் அமாவாச கெடையாது, அந்தக் கிறிஸ்துவப் பொண்ணுக்கும் கெடையாது. ஒரு பாத்திய வேணா நான் அளத்துக்காரர்கிட்ட கேட்டு வுடுறேன். ஆனா சொல்லிட்டேன், அர மணி நேரத்துல இடுப்பு வுட்டுடும்.’

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தனியாக முடியாது. ஒருவர் வாரும்போது இன்னொருவர் மொள்ள வேண்டும். முஹ்சினைக் கேட்கலாம். வருவானா தெரியவில்லை.

நாஜியா


கொச்சி
19 ஜூலை 2025

நாஜி,

சுருக்கம் நீளம். இருநூற்றைம்பது சொல் என்றால் இருநூற்றைம்பது. ‘மிகவும்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். ‘சுவாரசியமாக’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்கிறாய், இனி அப்படிச் செய்யாதே. எது சுவாரசியம் என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

‘இதே தரவை முன்பு நாங்கள் ஓதத்தின் விளைவு எனக் கருதினோம், அது தவறு’ என்பதை நான்காவது வரியில் வைத்திருக்கிறாய். எனக்கு வலிக்கக் கூடாது என்று மூன்று வரியைக் குறுக்கே போட்டிருக்கிறாய், தெரிகிறது. முதல் வரிக்குக் கொண்டுபோய்விட்டேன். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எழுதியவள் நீ.

செய்முறையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘முதல் இரு பருவங்களில், போக்குவரத்து இயலாமையால், பௌர்ணமி நாட்களில் மாதிரிகள் எடுக்கப்படவில்லை.’ கண்டக்டரைச் சேர்க்கவில்லை. இடம் இல்லை.

ஏன் சொன்னாய் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. அந்த மேடத்தின் கேள்வியை யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது.

இன்று காலை அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். நேர்காணலில் நான் காட்டிய முடிவு நிற்கவில்லை, கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, பௌர்ணமி பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதில் ‘இல்லை’. மூன்று வரி. பதில் வரவில்லை. வந்தாலும் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உனக்காகச் செய்யவில்லை. ‘எதிர்பார்க்கிறோம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓய்வுபெறும் வரை ஒரு நாற்காலியில் உட்கார முடியுமா என்று நினைத்துப் பார்த்தேன். முடியும் என்றுதான் தோன்றியது. அதன் பிறகுதான் எழுதினேன்.

அம்மாவிடம் இப்போது சொன்னேன், நேர்காணல் என்று ஒன்று இருந்ததையே. ‘போனா போவுது, ஊருக்கு வாடி’ என்றாள். அழுதேன். அவள் அழவில்லை.

உன்மேல் கோபம் போகவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், பின்னால் போய்விட்டதாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இருபதாம் தேதி மாலை வரை காத்திருக்காதே. இன்றே அனுப்பு. முஹ்சினைக் கேட்காதே. புலம்பியே தண்ணீரைக் கலக்கிவிடுவான். பலகையை நான் பிடிக்கிறேன், நீ மொண்டுகொள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, இருபத்திரண்டாம் தேதிக்கு விழுப்புரம் வரை டிக்கெட் எடுத்தேன். காத்திருப்புப் பட்டியலில் கிடைத்தது.

செல்வி